நீ என்ன சஃபாராவா?

குவைத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்கு மக்ஃபர் என்று பெயர். பதினாறு வருடம் அந்த ஊரில் இருந்தேன். எத்தனையோ பேருக்காக மக்ஃபர் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறேன். ஆனால் உள்ளே, குற்றம் சாட்டப்பட்டவன் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தது ஒரே ஒரு முறை, 2016 ஆகஸ்டில். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது, அதில் பாதி பயத்தால்.

நடந்தது இதுதான். சபா அல் சாலிம் பகுதியில் ஒரு வீட்டில் வேலை செய்த ஆந்திரப் பெண். சம்பளம் கிடையாது, அடி உண்டு. அவளுக்குத் தெரிந்த ஒரு டிரைவர் மூலமாக எனக்குப் போன் வந்தது. தமிழ்ச் சங்கத்து ஆட்களோடு சேர்ந்து அங்கே இங்கே உதவி செய்கிறவன் என்று என் பெயர் அப்போது கொஞ்சம் வெளியே தெரிந்திருந்தது. அந்தப் பெருமையும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ராத்திரி பதினொன்றரைக்குக் குப்பை போட வெளியே வருவாள், கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்து என்றார்கள். நிறுத்தினேன். வந்தாள், ஏறினாள், கிளப்பினேன். ஐந்து நிமிட வேலை. சினிமா ஹீரோ மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் என் கம்பெனி மந்தூபுக்கு, அதாவது அரசாங்க அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஆளுக்கு, போன் வந்துவிட்டது. வீட்டுக்காரர் கேமராவில் என் நம்பர் பிளேட் அழகாகப் பதிவாகியிருந்தது. ஆள் ஓடிவிட்டது என்று ஒரு புகார். கூடவே, தங்க வளையல் காணவில்லை என்று இன்னொன்று.

மக்ஃபரில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எனக்கும் ஒரு சின்னக் கண்ணாடி கிளாஸில் சாயா கொடுக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: “இந்த்த சஃபாரா?” நீ என்ன தூதரகமா என்று அர்த்தம். இல்லை என்றேன். “சஃபாராவும் இல்லை, போலீசும் இல்லை. அப்புறம் இன்னொருத்தர் கஃபாலத்தில் (விசாப் பொறுப்பில்) இருக்கும் ஆளை உன் வண்டியில் ஏற்ற நீ யார்?”

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஓடி வந்த ஆளுக்கு இடம் கொடுப்பதே அங்கே குற்றம். மந்தூப் வந்து, பேசி, கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். அந்தப் பெண்ணை வெளியே எடுக்க யாரும் இல்லை. வளையல் புகார் பிறகு தானாகவே காணாமல் போனது. அப்படிப்பட்ட புகார்கள் பெரும்பாலும் மிரட்டலுக்குத்தான். ஆனால் அவள் தல்ஹா தடுப்பு முகாமில் வாரக்கணக்கில் கிடந்து, ஒரு தினார்கூட வாங்காமல், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு ஊர் போனாள். நான் ஒழுங்காக வழிகாட்டியிருந்தால் சம்பளத்தில் பாதியாவது வாங்கியிருப்பாள்.

எனக்கு நேர்ந்த இதே விஷயம் ஒன்றரை வருடம் கழித்து இரண்டு நாடுகளுக்கு நடுவே நடந்தது. அதைச் சொல்லுவதற்கு முன் கொஞ்சம் பின்னணி.

நான் பேராவூரணிப் பக்கம். 2006இல் வீட்டு டிரைவராகப் போனேன். அதற்கு 20ஆம் நம்பர் விசா. நாலு வருடம் கழித்து ஊர் வந்து, கம்பெனி விசாவில், அதாவது 18ஆம் நம்பரில் மறுபடி போனேன். இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஆட்கள் பாதிப் பேர் விமானம் ஏறுகிறார்கள். 18 என்றால் 2010ஆம் வருடத் தொழிலாளர் சட்டம் பொருந்தும், பிரச்சினை வந்தால் ஷூன் எனப்படும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். 20 என்றால் நீங்கள் ஒரு வீட்டின் ஆள். டிரைவர், சமையல், கத்தாமா எனப்படும் வீட்டுப் பணிப்பெண், தோட்டக்காரர் எல்லாரும் இதில்தான். 2015 வரை அவர்களுக்கென்று தனிச் சட்டமே இல்லை. அந்த வருடம்தான் 68ஆம் எண் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை, வருடம் 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு, பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்று அடுத்த வருடம் நிர்ணயித்தார்கள். காகிதத்தில் வளைகுடாவிலேயே நல்ல சட்டங்களில் ஒன்று. ஆனால் வீட்டுக் கதவுக்குப் பின்னால் 12 மணி நேரத்தை யார் எண்ணுவது?

2018 ஜனவரி 29 முதல் குவைத் பொது மன்னிப்பு அறிவித்தது. அக்காமா, அதாவது தங்கும் அனுமதி, முடிந்து தங்கியிருப்பவர்கள் அபராதம் இல்லாமல் ஊர் போகலாம். சாதாரணமாக அப்போது நாள் ஒன்றுக்கு 2 தினார், அதிகபட்சம் 600 தினார் கட்ட வேண்டியிருந்தது. முதலில் பிப்ரவரி 22 வரை என்றார்கள், பிறகு ஏப்ரல் 22 வரை நீட்டித்தார்கள். தஇயா பகுதியில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை. பாஸ்போர்ட் கையில் இல்லாதவர் ஊர் போக உதவும் அவுட்பாஸ் விண்ணப்பம் நிரப்பித் தர எங்களைப் போலப் பல சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தோம். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, எல்லாம் கலந்து ஒரு சந்தை மாதிரி இருக்கும். பத்து வருடமாக ஊர் பார்க்காதவர்கள் இருந்தார்கள். ஒருவர் தன் பாஸ்போர்ட் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பர்ஸில் வைத்திருந்தார். அந்தச் சீட்டு இருந்ததால் அவர் வேலை இரண்டு நாளில் முடிந்தது. பக்கத்தில் நின்றவரிடம் எண்ணும் இல்லை, நகலும் இல்லை. அவர் இந்தியர்தான் என்று ஊரிலிருந்து உறுதியாகி வரவே வாரக்கணக்கானது.

அந்த வரிசை நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் விருத்தாசலம் பக்கத்து அக்காவின் விஷயம் வந்தது. பெயர் வேண்டாம். அவருடைய நாத்தனார் ஊரிலிருந்து அழுதுகொண்டே பேசினார். “அண்ணி எந்த ஊர்ல இருக்குதுன்னே தெரியல தம்பி. குவைத்துன்னு மட்டும்தான் தெரியும்.”

அக்காவிடம் ஒரு சின்ன நோக்கியா போன் ஒளித்து வைத்திருந்தது. ராத்திரி பாத்ரூமில் இருந்து பேசுவார். எந்த ஏரியா என்றால் தெரியவில்லை. பக்கத்தில் என்ன கடை என்றால் ‘ஒரு மசூதி இருக்குது தம்பி’ என்கிறார். குவைத்தில் எந்தத் தெருவில் மசூதி இல்லை! அப்போதுதான் ஒரு மலையாளி நண்பர் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. அங்கே ஒவ்வொரு கட்டடத்து வாசலிலும் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் எட்டு இலக்க எண். பாசி நம்பர் என்போம். அந்த ஒரு எண் இருந்தால் வீடு எந்த ஏரியா, எந்த பிளாக், எந்தத் தெரு என்று மேப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். “அக்கா, குப்பை போட வெளிய வரும்போது வாசல்ல ஒரு சின்னத் தகடு இருக்கும். எழுத்து வேணாம், நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கங்க” என்றேன். அக்கா நாலாவது வரைதான் படித்தவர். எட்டு எண்ணை ஒரே நாளில் ஞாபகம் வைக்க முடியாமல், முதல் நாள் நாலு, மறுநாள் நாலு என்று சொன்னார். போட்டுப் பார்த்தால் ஜஹ்ரா.

என் மனதில் முதலில் வந்தது வண்டிதான். ஜஹ்ரா என்ன, முக்கால் மணி நேரம். ஆனால் சாயாவும் அந்த பெஞ்சும் ஞாபகம் வந்தன. இந்த முறை வண்டி எடுக்கவில்லை.

செய்தது இவ்வளவுதான். பாசி எண், அக்காவின் பெயர், ஊரில் பீரோவில் இருந்த பாஸ்போர்ட் நகல், வீட்டுக்காரர் பெயர் (அது விசாத் தாளில் இருந்தது), எத்தனை மாதச் சம்பளம் பாக்கி, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் புகாராகக் கொடுத்தோம். அதே நாளில் ஊரிலிருந்து நாத்தனார் மகன் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் பதிவு செய்தான். 2015இல் வந்த தளம் அது. அதில் கிடைக்கும் புகார் எண் ஒரு கயிறு மாதிரி, பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கலாம். கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு. அங்கிருந்து சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கு. இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வந்தால்தான் கோப்பு நகரும். தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஏறக்குறைய 10 லட்சம் இந்தியர்கள் இருக்கும் நாட்டில் அவர்கள் எத்தனை பேர்? கை விரலில் எண்ணிவிடலாம்.

புகார் தூதரகத்திலிருந்து குவைத் அரசின் வீட்டுப் பணியாளர் துறைக்குப் போயிற்று. அந்தத் துறை கஃபீலை, அதாவது விசா கொடுத்த வீட்டுக்காரரை, கூப்பிட்டது. வராவிட்டால் அவருக்கு அடுத்த விசா கிடைக்காது, அதனால் வந்தார். அக்காவையும் அழைத்து வந்தார். நான் அரபி மொழிபெயர்க்க ஓரமாக நின்றேன். அரக்கன் மாதிரி ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஒரு சாதாரண அரசாங்கக் குமாஸ்தா, தொப்பை, கையில் மணிமாலை. “மக்தபுக்கு (ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சிக்கு) 850 தினார் கட்டி இவளைக் கூட்டி வந்தேன். இப்போது போகிறேன் என்கிறாள். என் காசுக்கு யார் பதில்?” என்றார். அவர் கேள்வியிலும் ஒரு கணக்கு இருந்தது. அந்த 850இல் ஒரு பங்கு குவைத் மக்தபுக்கு, ஒரு பங்கு ஆந்திர ஏஜென்டுக்கு, ஒரு பங்கு விருத்தாசலத்தில் அக்காவுக்கு ஆசை காட்டிய ஆளுக்கு. அது போதாதென்று அக்காவிடமும் 40,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். கொடுத்தவர் தான் விலைக்கு வாங்கிவிட்டதாக நினைக்கிறார். வந்தவர் தான் கடன்பட்டு வந்ததாக நினைக்கிறார். நடுவில் தின்றவன் போனை எடுப்பதே இல்லை.

பதினொரு மாத வேலை. நாலு மாதம்தான் சம்பளம் வந்திருந்தது. ஏழு மாதப் பாக்கி, 60 தினார் கணக்கில் 420. அவர் 150இல் ஆரம்பித்தார். அதிகாரி இரண்டு பக்கமும் சத்தம் போட்டார். கடைசியில் 260 தினார், பாஸ்போர்ட், எந்தப் புகாரும் இல்லை என்ற கையெழுத்து. அன்றைய விலைக்கு ஏறக்குறைய 56,000 ரூபாய். விட்டுக்கொடுத்த 160 தினாரை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. கேஸ் போட்டிருந்தால் முழுதும் கிடைத்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் காப்பகத்தில் உட்கார வேண்டும். அக்காதான் முடிவு செய்தார். “போதும் தம்பி. மக வயசுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. நான் இன்னும் பாக்கல.”

டிக்கெட் தூதரகம் கொடுத்தது, இந்தியச் சமூக நல நிதியிலிருந்து. 2009இல் ஆரம்பித்த நிதி இது. பாஸ்போர்ட், விசா மாதிரி தூதரக சேவைகளுக்கு நாம் கட்டும் பணத்தோடு சேர்த்து வாங்கும் சின்னத் தொகைதான் இதற்கு மூலம். அதாவது வரிசையில் நின்று கொஞ்சம் கூடுதலாகிவிட்டது என்று முணுமுணுக்கிறோமே, அதில்தான் இன்னொருத்தர் ஊர் போகிறார். காப்பகச் சாப்பாடு, வக்கீல் செலவு, இறந்தவர் உடலை அனுப்புவது எல்லாமே இதிலிருந்து செய்யலாம். கேட்க வேண்டும் என்று பலருக்குத் தெரியாது, கையில் காசு திரட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா மார்ச்சில் ஊர் போய்ச் சேர்ந்தார். ஏப்ரலில் வெடித்தது அந்த இன்னொரு விஷயம்.

பிப்ரவரியிலேயே அதன் தொடக்கம். நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஃபிளாட்டின் ஃப்ரீசரில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் காணாமல் போயிருந்தவர். வீட்டுக்காரர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். அப்போதைய பிலிப்பைன்ஸ் அதிபர் துதர்தே குவைத்துக்கு இனி ஒரு ஆளையும் அனுப்ப மாட்டோம் என்று தடை போட்டார். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அவர்கள் மக்கள் அங்கே இருந்தார்கள். சால்மியாவில் நான் சாமான் வாங்கும் பக்காலாவில் அந்த நாட்களில் ஃபிலிப்பினோப் பெண்கள் கூட்டமாக நின்று போனில் ஏதோ பார்த்து அழுதுகொண்டிருப்பார்கள்.

ஏப்ரலில் ஒரு வீடியோ சுற்றியது. ஒரு வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. ஒரு பெண் ஓடி வருகிறாள், ஏறுகிறாள், வண்டி பறக்கிறது. தூதரக ஆட்கள் செய்த மீட்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. என் வண்டி, என் கேட், அதே ஓட்டம். ஒரே வித்தியாசம், அங்கே இருந்தவர்கள் நிஜமாகவே சஃபாரா. ஆனாலும் குவைத் விடவில்லை. எங்கள் மண்ணில் எங்கள் போலீசைக் கேட்காமல் நீங்கள் வீடு வீடாகப் போய் ஆள் எடுப்பதா, இது இறையாண்மை மீறல் என்றார்கள். பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே, ஏப்ரல் 25, தூதர் ரெனாட்டோ வில்லாவை ஒரு வாரத்துக்குள் வெளியேறச் சொல்லிவிட்டு, மணிலாவில் இருந்த தங்கள் தூதரையும் குவைத் திரும்ப அழைத்தது. மீட்பில் சம்பந்தப்பட்ட சிலரைக் கைதும் செய்தது.

எங்கள் ரூமில் அன்று ராத்திரி பெரிய சண்டை. ஒரு கட்சி, “பாருய்யா, நாடுன்னா அதான் நாடு. நம்ம ஆளுக தாளை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க” என்றது. நான் எதிர்க் கட்சி. நம் அக்கா சத்தமில்லாமல் 260 தினாரோடு ஊர் போய்ச் சேர்ந்தாரே என்றேன். வீடியோ வந்ததால் அந்தப் பெண்களுக்கு அதற்கப்புறம் போலீஸ் நிலையத்தில் என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்றும் கேட்டேன்.

மே 11ஆம் தேதி என் வாதத்தில் பாதி விழுந்தது. அன்று குவைத்தும் பிலிப்பைன்ஸும் ஒப்பந்தம் போட்டன. பாஸ்போர்ட்டையும் செல்போனையும் பிடுங்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர்கள் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். சில நாளில் தடை நீங்கியது. செல்போன் என்ற ஒரு சொல் இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் ஏறியதன் மதிப்பு, பாத்ரூமில் இருந்து பேசிய அக்காவுக்குத் தெரியும். அவ்வளவு சத்தம் இல்லாமல் அது ஏறியிருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான்.

அதனால் இப்போது நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு ஆளை வெளியே கொண்டுவர அந்த நாட்டின் வாசல் வழியாகவே போக வேண்டும், அவர்கள் துறை, அவர்கள் தாள், அவர்கள் முத்திரை. சட்டத்தை மாற்றச் சொல்வது அரசாங்கத்தின் வேலை, அதற்கு உரத்த குரலும் வேண்டும். பிலிப்பைன்ஸ் செய்த தவறு, இரண்டாவதுக்கு உரிய குரலில் முதலாவதைச் செய்தது. அதற்குப் பிறகும் அவர்கள் கதை ஓயவில்லை. 2023 ஜனவரியில் இன்னொரு பெண் கொல்லப்பட்டார். புதிதாகப் போகிறவர்களை மணிலா நிறுத்தியது. பதிலுக்கு மே மாதம் குவைத் பிலிப்பைன்ஸ்காரர்களுக்குப் புது விசாவையே நிறுத்திவிட்டது. ஒரு வருடம் கழித்துத்தான் திறந்தார்கள். அந்த ஒரு வருடம் விசாவுக்கு வட்டிக்கு வாங்கிக் காத்திருந்தவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் நான் படிக்கவில்லை.

நம் பக்கமும் இப்படி ஒரு முயற்சி உண்டு. பெண் பணியாளரை எடுப்பவர் 2,500 டாலர், குவைத் காசுக்கு ஏறக்குறைய 720 தினார், வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று இந்தியா விதி வைத்திருந்தது. சம்பளம் கொடுக்காமல் விட்டால் அதிலிருந்து எடுக்கலாம். நல்ல யோசனை. ஆனால் 2014 கடைசியில் அதைக் கறாராக்கியபோது குவைத் பக்கம் கடும் எதிர்ப்பு, இந்தியர்களுக்கு வீட்டு வேலை விசாவே வேண்டாம் என்கிற அளவுக்கு. அடுத்த வருடமே விதி போய்விட்டது. இந்தக் கறார் வரும்போதெல்லாம் ஊரில் நடப்பது வேறு: முன்வாசல் அடைத்தால் ஏஜென்டுகள் பின்வாசல் திறப்பார்கள். அக்கா வந்ததும் அப்படித்தான். முதலில் துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து குவைத். ஏன் என்று அவருக்கு அன்று புரியவில்லை.

புரிய வேண்டியது இது. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அப்படியானவர்கள் குவைத், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இ-மைகிரேட் தளத்தில் பதிவாகும். அந்தப் பதிவோடு வெறும் 275 ரூபாய்க்கு இரண்டு வருடக் காப்பீடு, விபத்தில் இறந்தாலோ முடமானாலோ 10 லட்சம். வீட்டு வேலைக்குப் போகும் இ.சி.ஆர். பெண்ணுக்கு 30 வயது முடிந்திருக்க வேண்டும், அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே. தமிழ்நாட்டில் அதற்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்டும் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வாங்கக் கூடாது. விசிட் விசாவில் ஏற்றிவிட்டால் இதில் ஒன்றும் கிடையாது. அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் நீங்கள் வெளிநாடு போகவே இல்லை. தூதரகம் உங்களுக்காகப் பேசப் போனால், எதிரே இருக்கும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியே ‘உங்கள் நாட்டு அனுமதியோடு வந்தவளா?’ என்பதுதான். அந்த இடத்தில் நம் ஆளின் குரல் தாழ்ந்துவிடும், என் காதால் கேட்டிருக்கிறேன்.

வயதைக் கூட்டிப் போடுவது அதைவிட மோசம். குவைத்தில் மட்டக்களப்புக்கார அக்கா ஒருவர் எப்போதும் மூதூர்ப் பெண்ணின் கதையைச் சொல்லுவார். 2005இல் 17 வயதில், பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிச் சவூதிக்கு அனுப்பப்பட்டவள். குழந்தையைக் கொன்றதாக வழக்கு. சிறுமி என்ற வாதம் அந்தப் பாஸ்போர்ட்டின் முன் எடுபடவில்லை. 2013 ஜனவரியில் தண்டனை நிறைவேறியது. இலங்கை தன் தூதரைத் திரும்ப அழைத்தது. யார் திரும்ப வந்து என்ன?

நம் நாடும் 2021 ஜூனில்தான், ஜெய்சங்கர் குவைத் வந்தபோது, வீட்டுப் பணியாளர்களுக்கென்று குவைத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதற்கு முந்தின வருடத்துக் கொரோனா மன்னிப்பை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. 2020 ஏப்ரலில் குவைத் அபராதமும் வேண்டாம், டிக்கெட்டும் நாங்களே தருகிறோம் போங்கள் என்றது. நம் வானம் மூடியிருந்தது. மன்னிப்பு வாங்கியவர்கள் பள்ளிக்கூட முகாம்களில் வாரக்கணக்கில் கிடந்தார்கள். மே மாதம் விமானம் பறக்க ஆரம்பித்த பிறகுதான் வழி பிறந்தது. அந்த ஒரு முறை, அனுப்புகிறவன் தயாராக இருந்தும் வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

நான் 2022இல் ஊர் வந்துவிட்டேன். 2024 ஜூன் 12 காலையில் மங்காஃப் கட்டடத்தில் தீ என்ற செய்தியைப் பேராவூரணி டீக்கடையில்தான் பார்த்தேன். மங்காஃபில் நானும் ஒன்றரை வருடம் இருந்திருக்கிறேன், ஒரு அறைக்கு எட்டுப் பேர். இரண்டாம் நாள் விமானப் படை விமானம் 45 உடல்களோடு கொச்சியில் இறங்கியது. ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒரு இணை அமைச்சர் உடனே போனார், இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. சாதாரணமாக ஒரு உடல் வர எத்தனை நாள், எத்தனை தாள் என்று தெரிந்தவனுக்கு அந்த வேகம் ஆச்சரியம். டிசம்பரில் பிரதமர் குவைத் போனார், 43 வருடத்தில் முதல் முறை. போனவுடனே தொழிலாளர் முகாமுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அதனால் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி கூடியதா என்று அங்கே இருக்கும் நண்பர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். ஒருவன், ‘செக்கிங் ஜாஸ்தியாச்சுண்ணே, வாடகையும் ஜாஸ்தியாச்சு’ என்றான்.

இப்போதும் போன் வரும். அழுகிற வீடியோவைத்தான் முதலில் அனுப்புவார்கள். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்பேன். குவைத்தில் 2015இலேயே இணையக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் முகமோ பெயரோ அதில் வந்தால், அழுதவள் மேலேயே வழக்குப் பாயலாம். வீடியோ பரவிய மறு நிமிடம் போன் பறிபோகும், பிறகு அவளிடம் பேச வழியே இல்லை. அதற்குப் பதில் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாத் தாள், பத்தாக்கா எனப்படும் குவைத் அடையாள அட்டை, பாசி எண், கடைசியாகச் சம்பளம் வந்த தேதி, இந்த ஐந்தையும் அனுப்பச் சொல்லுவேன். ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால் நண்பர் ரூமுக்கு ஓடாதே, தூதரகத்துக்கோ மக்ஃபருக்கோ ஓடு என்பேன். ஓடிப்போன புகார் பதிவாவதற்கு முன் உன் புகார் பதிவாகிவிட்டால் பேச்சே வேறு.

போன மாதம் விருத்தாசலம் அக்கா பேசினார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு குவைத் விசா வந்திருக்கிறதாம், டிரைவர் வேலை, 120 தினார் என்று சொல்கிறார்களாம், பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தாளை வாட்ஸ்அப்பில் போடச் சொன்னேன். 20ஆம் நம்பர். சம்பளக் கட்டத்தில் 120 என்று எங்கும் இல்லை.

“போக வேணாம்னு சொல்லட்டா தம்பி?”

வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை, அவன் கடனை நாமா கட்டப்போகிறோம் என்றேன். சம்பளத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், இ-மைகிரேட் பதிவு ஆகிவிட்டதா என்று கேளுங்கள் என்றேன். அக்கா போனை வைக்காமலே அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் அவரே சேர்த்துக்கொண்டார்:

“இறங்குன அன்னிக்கே வாசல்ல இருக்க தகட்டைப் படம் புடிச்சு எனக்குப் போடு. எட்டு நம்பர் இருக்கும். ஏழு இருந்தா சரியாத் தெரியலன்னு அர்த்தம், மறுபடி எடு.”